பாதிக் களம்

சித்திரை முடிகிற சமயத்தில் அப்படியொரு மழை வரும் என்று ஆனைமலை ரோட்டில் யாரும் நினைக்கவில்லை. காலையில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி சின்ன டிராக்டரில் உட்கார்ந்து, களத்தில் பரப்பியிருந்த நார்த்தூளைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். தென்னை மட்டையை மில்லில் அடித்து நாரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இந்தத் தூள். ஒரு காலத்தில் ரோட்டோரமெல்லாம் குவிந்து கிடந்து, யாராவது சும்மா அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று மில்காரர்கள் கெஞ்சிய பண்டம். இப்போது அதை உப்புப் போகக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி அனுப்பினால் ஹாலந்து தேசத்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளி வளர்க்கிறவர்கள் மண்ணுக்குப் பதிலாக வாங்கிக்கொள்கிறார்கள். கழுவத் தண்ணீர் இருந்தது. அழுத்த மிஷின் இருந்தது. காயவைக்கத்தான் சூரியனை விட்டால் வேறு ஆளில்லை.

"ஏனுங்க, மேக்க பாத்தீங்களா?" என்று மிஷின் நிற்கும் கொட்டகையான சாளையிலிருந்து மனைவி பழனாத்தாள் கூப்பிட்டாள்.

பாலக்காட்டுப் பக்கம் வானம் கறுத்து வந்தது. அவர் டிராக்டரைத் திருப்புவதற்குள் காற்று தூளை வாரி முகத்தில் அடித்தது. ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பழனாத்தாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தாள். களத்தில் கால்வாசிதான் மூட முடிந்தது. பெருந்துளி விழ ஆரம்பித்ததும், பஞ்சு தண்ணீர் குடிப்பதைப் போல அத்தனை தூளும் குடித்தது. பொன்னிறமாக இருந்தது அரைமணி நேரத்தில் காப்பித்தூள் நிறமாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க மழை விட்டுவிட்டுப் பெய்தது. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு போகவில்லை.

கொச்சியிலிருந்து ஏஜென்ட் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, ஹாலந்துக்காரங்க உங்களக் குத்தம் சொல்லலீங்க. ஆனா அங்க நாத்து காத்திருக்காதில்லீங்களா. இன்னொருக்கா இப்படித் தள்ளிப்போச்சுன்னா சிலோன்காரங்ககிட்டப் போயிருவாங்க."

"புரியுதுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள் பழனாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் சுரேந்தர் கோயமுத்தூரிலிருந்து வந்தான். பம்ப் கம்பெனியில் நல்ல வேலை. பழனாத்தாள் அரிசியும் பருப்பும் சோறாக்கி, நெய்யை ஊற்றி, கத்தரிக்காய்ப் பொரியலோடு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"நா ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்கம்மா. கோழித்தீவனக் கம்பெனி ஒண்ணு குடோனுக்கு எடம் தேடுது. ரோட்டு மேல நம்ம களமாட்ட எடம் அவியளுக்குக் கெடைக்காது. பேசாமக் குடுத்துப்போடுங்க. மழ பேஞ்சாலும் வெயிலடிச்சாலும் மாசமானா வாடகை வரும். இத்தன வருசம் வெயில்ல நின்னது பத்தாதுங்களா?"

வெள்ளியங்கிரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அறுபது தாண்டியாயிற்று. ஆனால் அந்தக் களம் அவரே ரசமட்டம் பிடித்துப் போட்டது. தண்ணீர் தேங்காமல் கிழக்கே வடிகிற மாதிரி வாட்டம் பார்த்து, கொத்தனாரோடு சண்டை போட்டு, இரண்டு முறை இடித்துக் கட்டியது. அதன்மேல் இன்னொருத்தன் தீவன மூட்டையை அடுக்குவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"முச்சூடும் வேணும்ங்கறாங்களா, பாதி குடுத்தாலும் போதுமா?" என்று கேட்டாள் பழனாத்தாள்.

"பாதிங்களா? மீதிய வெச்சு என்னங்கம்மா பண்ணுவீங்க?"

"கேட்டு மட்டும் வெய்யி கண்ணு" என்று இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பது அடுத்த நாள்தான் அவருக்குத் தெரிந்தது. விடியற்காலையிலேயே கிளம்பி நின்றாள். "கோயமுத்தூர் வரைக்கும் போய்ட்டு வந்தறலாமுங்க."

அங்கே கணபதி பகுதியில் ரங்கராஜ் நாயுடுவின் பட்டறை. மக்காச்சோளம் காயவைக்கும் எந்திரம் செய்கிறவர். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்பு உருளை, அது சுழலும். ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் காற்றை இழுக்கும் விசிறி. உள்ளே ஆட்களிடம் தெலுங்கில் ஏதோ அதட்டிவிட்டு வந்தவர், நார்த்தூளுக்கு இது ஆகுமா என்று இவள் கேட்டதும் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இது சோளத்துக்குப் பண்றதுங்கம்மா. சோளம் கனமா இருக்கும், உருளும். உங்க தூளு பறக்கும். பறக்கறது பத்திக்கும். நா இது வரைக்கும் பண்ணுனதில்லீங்க. ஆகும்னு சொல்லி வாங்கிப்போட்டு, நாளைக்கு உங்க மூஞ்சிய நா எப்படிங்க பாக்கறது?"

"ஆகும்னு நீங்க சொல்ல வேண்டாமுங்க" என்றாள் பழனாத்தாள். "ஆகாமப் போச்சுன்னா மொதல்ல எந்த எடத்துல ஆகாமப் போகும்? அத மட்டுஞ் சொல்லுங்க."

கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்த ரங்கராஜ் நிறுத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தூசியிலதானுங்க. மாவாட்ட இருக்கற நொய்த்தூளு விசிறி வாயில போயி அடையும். அடைஞ்சா சூடேறும்."

"பொறகு?"

"அடுப்புப் பொறி நேரா உள்ள போகுது பாருங்க, அது. சோளத்துக்குத் தாங்கும். உங்களுக்குத் தாங்காது."

"சரிங்க. எல்லாமே ஆகாமப் போச்சுன்னு வெச்சுக்குவோம். அப்ப இந்த உருளையும் விசிறியும் பழைய இரும்புக்குத்தான் போகுமா?"

"அதெப்படிங்க. உடுமலையில சோளக்காரங்க வந்து எடுத்துக்குவாங்க. அதுக்கு எப்பவும் ஆளிருக்குது."

"எனக்கு அதுதானுங்க தெரியோணும்" என்றாள். பட்டறை மூலையில் யாரோ செய்யச் சொல்லிவிட்டு எடுத்துப் போகாத பழைய உருளை ஒன்று நின்றது. அதில் ஒரு வண்டி ஈரத்தூளைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். கெட்டால் தன் பொறுப்பு என்றும் சொன்னாள்.

திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டியதும் வெள்ளியங்கிரி, "ஆகாது ஆகாதுங்கறதையே ஒவ்வொண்ணாக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கற" என்றார்.

"ஆகும்னு சொல்றதுக்கு ஊரே இருக்குதுங்க. இத ஆரு சொல்லுவாங்க?"

ஆனி மாதச் சாரலில் ஒரு நாள் சோதனை நடந்தது. வண்டியில் தூளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். தேங்காய்த் தொட்டியை, அதாவது காய்ந்த சிரட்டையை, போட்டு அடுப்பு மூட்டினார் ரங்கராஜ். உருளை சுழன்றது. கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் வந்து விழுந்த தூளை பழனாத்தாள் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தாள். கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. அவள் முகத்தில் வந்த சிரிப்பை வெள்ளியங்கிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசிறிப் பக்கமிருந்து கருகல் வாடை வந்தது. அடுத்த நிமிடம் புகை. பிறகு தீ.

ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர் அவர்தான். ஆட்கள் தண்ணீரை ஊற்றினார்கள். அணைந்துவிட்டது. ஆனால் வலது உள்ளங்கையில் அவருக்குத் தோல் உரிந்துவிட்டது. பழனாத்தாள் அவர் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் தண்ணீரை விட்டபின், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னால், ஓடிப்போய் விசிறிக் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தாள். அதுதான் அவருக்குக் கோபம் வந்த இடம்.

அன்று பொழுது சாய, வீட்டு வாசலில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். அவள் ராகிக் கூழைக் கரைத்து மோர் ஊற்றி எடுத்துவந்தாள்.

"இன்னியோட வுட்டரு" என்றார். "சுரேந்தர் சொன்ன ஆளுக்கே குடுத்தறலாம். கை போனாப் போகுது. நாளைக்குக் களத்துல இப்படிப் பத்துனா அந்த ஒடிசாப் பசங்களுக்கு ஆரு பதில் சொல்றது?"

அவள் டம்ளரை அவர் இடது கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா ஒண்ணு பாத்தனுங்க. தீ புடிச்சது நொய்யி போயி அடைஞ்ச எடத்துல மட்டுந்தான். நடுவுல இருந்த தூளு கருகவே இல்ல. நொய்ய மொதல்லயே சலிச்சு எடுத்துப்போட்டு, அடுப்புக் காத்து நேரா உள்ள போகாமக் குழாய் வெச்சுச் சூட்ட மட்டும் உட்டா ஆகும்னு தோணுது. ரங்கராஜண்ணனும் அதத்தான் நெனைக்கறாரு. இனியொரு வாட்டி நெருப்பு வராதுன்னு அவரு கண்ணுல காட்டுனாத்தான் எந்திரம் களத்துக்கு வரும். இல்லீன்னா வராது."

"அதெல்லாம் செஞ்சும் வாங்கறவன் சிலோனுக்குப் போய்ட்டா? மட்டை வெல இன்னும் ஏறிப்போச்சுன்னா? இந்த வருசம் மழையே பேயிலன்னா?"

"எனக்கும் தெரியாதுங்க" என்றாள். "மழ வருமான்னு தெரியாது. அவன் இருப்பானான்னு தெரியாது. தெரியட்டும்னு உக்காந்திருந்தா, தெரியறப்ப எல்லாருக்குந்தான் தெரியும். அப்ப போயி நாம என்ன பண்றது? நா வேற ஒண்ணத்தான் ரோசன பண்ணிப் பாத்தனுங்க. இது முச்சூடும் போச்சுன்னா எது போகலாம், எது போகக் கூடாது? தோப்பு போகக் கூடாது. ஊடு போகக் கூடாது. பையங்கிட்டப் போயி நிக்கக் கூடாது. அது மூணையும் தள்ளி வெச்சுப்போட்டேன்."

"மிச்சம் என்ன இருக்குது?"

"களத்துல பாதி. பாதி போதும்னு தீவனக்காரரும் சொல்லிட்டாராமா. பாதியத் தீவனக்காரருக்குக் குடுத்துப்போட்டா அட்வான்ஸ் எந்திரத்துக்கு ஆகும், அந்த வாடகைல நம்ம சோறும் ஆளுக கூலியும் ஓடிரும். எந்திரம் வந்தாப் பாதிக் களம் போதும். வெயில் இருக்கறப்ப அரைக்காச்சலாக் காயட்டும், மீதிய எந்திரம் பாத்துக்கும். எந்திரம் ஆகலீன்னா அதச் சோளக்காரனுக்கு வித்துப்போடலாம். ஆனா குடுத்த களத்த அவிய போற வரைக்கும் திருப்பிக் கேக்க முடியாது. போறதுன்னா அதுதான் போகும். அது நீங்க போட்ட களம். அதனால நீங்க சொன்னாத்தான்."

வெள்ளியங்கிரி எழுந்து களத்துக்கு நடந்தார். மழை விட்டிருந்தது. ஈரக் காங்கிரீட்டில் வெறுங்காலோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனார். தண்ணீர் அவர் வைத்த வாட்டத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு வேலி இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், கடன்காரனுக்கும் கரன்ட்டுக்கும் மழைக்கும் அவர் பட்ட வெசனத்துக்கெல்லாம் கரையே இருந்ததில்லை. இவள் அதற்கு நாலு பக்கமும் கல் நட்டு வைத்திருக்கிறாள்.

திரும்பி வந்து, "கெழக்குப் பாதிய நாம வெச்சுக்கலாம். தண்ணி வடியற பக்கம்" என்றார்.

அதற்கு அடுத்து அவள் செய்ததைத்தான் ஊரில் இன்னும் பேசுகிறார்கள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் அரங்கசாமியின் களம். அவர் தூள் கழுவிய தண்ணீர் இவர்கள் தோப்புக்குள் புகுந்து, பேச்சு முற்றி, போலீஸ் ஸ்டேஷன் வரை போனதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணம் காட்சிக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த வீட்டு வாசலில் போய் பழனாத்தாள் நின்றாள். பின்னால் கட்டுப்போட்ட கையோடு வெள்ளியங்கிரி.

அரங்கசாமி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் சம்சாரம்தான் உள்ளிருந்து வந்து, "வாங்க, உக்காருங்க" என்று சேரை இழுத்துப் போட்டார்.

"ஏனுங்ணா, சித்திரை மழையில உங்களுக்கும் சரக்கு போகலியாமா?" என்றாள் பழனாத்தாள்.

"அத விசாரிக்கத்தான் வந்தியா அம்மணி?"

"இல்லீங்ணா. நாங்க காயவெக்கற எந்திரம் ஒண்ணு போடப் போறோம். ஆகுமா ஆகாதான்னு இன்னும் தெரியாது. ஒருக்கா பத்திக்கிச்சு, அவிய கையப் பாருங்க. ஆனா ஆச்சுன்னா, எங்க சரக்கு மட்டும் அதுக்குப் பத்தாது. மழைல உங்க தூளு நனைஞ்சா எங்ககிட்டக் குடுப்பீங்களான்னு கேக்க வந்தனுங்க. காயவெச்சதுக்குக் கூலி குடுத்தாப் போதும். சும்மா கெடக்கற நாளுக்கு ஒண்ணும் வேண்டாம்."

அரங்கசாமி வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்தார். "நா மாட்டேன்னா?"

"மாட்டேன்னா இன்னுஞ் சின்னதாப் போடுவோமுங்க."

அவர் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். "ஏம்ப்பா, என்ற எடத்துக்கு வந்து நெருப்புப் புடிச்ச கதைய இப்படியா ஒரு பொம்பள சொல்லும்? வேற ஆராச்சும்னா ஆகும் ஆகும்னுதான் சொல்லுவாங்க." பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "உன்ற தோப்புக்குள்ள தண்ணி போனது எங்க தப்புத்தான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "அனுப்பறேன். காப்பி வெய்யி உள்ள."

ரங்கராஜும் விலையில் இறங்கி வந்தார். இரும்புக்கும் ஆள் கூலிக்கும் மட்டும் வாங்கிக்கொள்வதாகவும், ஆனால் வேறு களத்துக்காரர்களைக் கூட்டிவந்து காட்ட விட வேண்டும் என்றும் கேட்டார். சல்லடையும் குழாயும் வைத்து இரண்டு முறை பட்டறையில் ஓட்டிக் காட்டினார். மூன்றாவது முறை, தீப்பிடித்த அதே இடத்தில் வெள்ளியங்கிரியையே கை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

புரட்டாசிக் கடைசியில் எந்திரம் வந்து இறங்கியது. ஐப்பசி பிறந்தது. மழை வரவில்லை.

கார்த்திகையிலும் வரவில்லை. அப்படியொரு வெயில். எல்லாக் களத்திலும் தூள் பொன்னாகக் காய்ந்தது. அரங்கசாமியிடமிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. இவர்கள் பாதிக் களத்தில் காய்ந்த அளவுக்குச் சரக்கு போயிற்று. மேற்குப் பாதியில் தகரக் கொட்டகை எழும்பி, தீவன லாரிகள் வந்து போயின. எந்திரம் சும்மா நின்றது. டீக்கடையில், "என்ன மாமா, வானத்துக்குக் கடுதாசி போட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வெள்ளியங்கிரிக்குக் கோபம் வரவில்லை. ஆனால் டீ குடிக்கப் போவதை நிறுத்திக்கொண்டார்.

பழனாத்தாள் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை எந்திரத்தை ஓட்டச் சொன்னாள். பனியில் ஈரமான தூளைப் போட்டு, எவ்வளவு தொட்டிக்கு எவ்வளவு காய்கிறது, எந்தச் சல்லடைக் கண் சரிப்படுகிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். அடுப்பு வெள்ளியங்கிரியின் பொறுப்பு. நாளாக ஆக, உருளை சுழலும் சத்தத்தை வைத்தே உள்ளே தூள் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பது அவர் காதுக்குப் பிடிபட்டது. ஈரத்தோடு இருந்தால் தொப்புத் தொப்பென்று விழும். காய்ந்தால் மணல் சரிவது போல ஒரு சத்தம்.

தைப் பொங்கல் நோம்பி முடிந்த கையோடு ரங்கராஜ் போன் செய்தார். உடுமலைச் சோள வியாபாரி ஒருவர் எந்திரத்தைக் கேட்கிறாராம். இவர்களுக்கு ஆன செலவை அப்படியே தந்துவிடுகிறாராம். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்குக் கஷ்டம் வேண்டாமேன்னுதான் சொல்றேன். ரோசன பண்ணிச் சொல்லுங்க."

அன்றைக்கு சுரேந்தர் வீட்டிலிருந்தான். "இதுக்கு மேல என்னங்கம்மா வேணும்? கைநட்டம் இல்லாம வெளிய வந்தர்லாம். வாடகையும் வந்துட்டிருக்குது."

பழனாத்தாள் முதன்முறையாகத் தடுமாறினாள். சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை வெள்ளியங்கிரி அப்போதுதான் கவனித்தார். இத்தனை மாதமும் அவள் ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை.

"குடுத்தறலாமுங்களா?" என்றாள் அவரைப் பார்த்து. "நாஞ் சொல்லித்தான் எல்லாஞ் செஞ்சீங்க. இத நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்து மகனிடமிருந்து போனை வாங்கி ரங்கராஜுக்குப் போட்டார்.

"ரங்கராஜ்ங்களா? வெள்ளியங்கிரி பேசறனுங்க. வேண்டாமுங்க, குடுக்கலீங்க. ... இல்லீங்க, கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல. மழ பேயாததுக்கு எந்திரம் என்னங்க பண்ணும்? வித்துப்போட்டு அடுத்த மழைக்கு மறுபடியும் உங்க பட்டறைக்குத்தானே வரோணும். அதுவுமில்லாம இப்பத்தான் அதோட பதம் எனக்குப் புடிபட்டிருக்குது." போனை வைத்துவிட்டு, மகன் ஏதோ சொல்ல வாயெடுத்ததைப் பார்த்து, "நமக்கு இன்னும் ஒண்ணும் போகல கண்ணு. போகட்டும்னு எடுத்து வெச்ச பாதிக் களங்கூட வாடகையா வந்துட்டுத்தான் இருக்குது" என்றார்.

பழனாத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

வைகாசி பாதியிலேயே மழை பிடித்தது. வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டது. முதல் நாள் சாரல் என்று விட்டார்கள். இரண்டாம் நாள் ஆழியாற்றுப் பக்கம் மலையே தெரியவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் களங்களில் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மத்தியானம் அரங்கசாமியின் வண்டி, பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிற தூளோடு வந்து நின்றது. முன்னால் அவரே தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின்னால் கோட்டூர்ப் பக்கத்திலிருந்து முகம் தெரியாத ஒருவரின் வண்டி. அதற்கும் பின்னால் இன்னொன்று.

அந்த மழை நாட்களில் எந்திரம் நிற்கவில்லை. கொச்சி ஏஜென்ட், மற்ற களமெல்லாம் கைவிரித்துவிட்டதாகவும், இங்கிருந்து மட்டும் சரக்கு கிடைக்குமா என்றும் கேட்டு இரண்டு முறை கூப்பிட்டார். "எவ்வளவு கொண்டுபோவீங்கன்னு சொல்லுங்க தம்பி" என்று பழனாத்தாள் ஒரு காதில் போனும், கையில் அள்ளிய தூளுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரக்கு ஏற்றிய முதல் கன்டெய்னர் கதவைச் சாத்தியபோது ஒடிசா ஆட்கள் கைதட்டினார்கள். அவள் அவர்களுக்கெல்லாம் சுடச்சுடப் பணியாரம் சுட்டு, தேங்காய்ச் சட்னியோடு வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். ரங்கராஜ் வேறு இரண்டு பேரைக் கூட்டிவந்து எந்திரத்தைச் சுற்றிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சுரேந்தர் மழைக்கோட்டோடு வந்து இறங்கினான். சாளைக்குள் அப்பா முகமெல்லாம் கரியாக, அடுப்புக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பழுப்புத் தூள் மணல் சரிவது போல மறுமுனையில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே ஈர வண்டிகள் வரிசையில் நின்றன. அவனும் ஒரு முறத்தை எடுத்துத் தொட்டியை அள்ளி அடுப்பில் போட்டான்.

"இன்னும் எத்தன நாளைக்குங்கப்பா இப்படி ஓடும்?"

"மழ நிக்கற வரைக்கும்."

"மழ எப்பங்க நிக்கும்?"

"அது ஆருக்குத் தெரியும் கண்ணு" என்றார் வெள்ளியங்கிரி. சொல்லிவிட்டு, வியர்த்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அடுத்த வண்டியை உள்ளே விடச் சொல்லிக் கையைக் காட்டினார்.